அம்மாவின் மறதி, மகளின் பயம், கணவரின் விறைத்த கை

மட்டக்களப்பு எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 49. அம்மாவுக்கு 76, சீனி வருத்தம் இருக்கிறது, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறார். போன வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குப் போனவர், கலியாணம் முடித்த நாளில் இருந்து நடந்த ஒழுங்கையிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருக்கிறார். சங்கிலியை அரிசிப் பானைக்குள் தானே ஒளித்து வைத்துவிட்டு மருமகள் களவெடுத்ததாக ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் சடங்குப் பாட்டு ஒரு வரி பிசகாமல் வருகிறது. டொக்டரிடம் காட்டியபோது, "அம்மா நல்லாத்தானே கதைக்கிறா, வயசுக்கு இதெல்லாம் வாறதுதான்" என்று பதில் கிடைத்திருக்கிறது.

அம்மம்மாவும் கடைசிக் காலத்தில் அறளை பெயர்ந்துதான் போய்ச் சேர்ந்தார். இப்போது ஆசிரியைக்கே பயம் வந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளின் பெயர் வாய்க்கு வருவதில்லை. குசினிக்குள் எதற்கு வந்தேன் என்று நிற்கிறார். ஒரு வருடமாக உடம்பு கொதித்து வேர்த்து ஊற்றுகிறது, இரவில் நித்திரை இல்லை. 42 வயதில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். "அம்மம்மா, அம்மா, அடுத்தது நான்தான் போல. எங்கட பக்கத்தில குடியே (வம்சமே) தாய்வழிதானே, வருத்தமும் அப்பிடித்தான் வருமோ?" சுவிஸில் இருக்கும் தங்கை மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார், ஹோர்மோன் குளிசை எடுக்கவும் சொல்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி அம்மாவுக்குப் புதிய ஊசி ஒன்று வந்திருக்கிறது என்கிறார். ஊரில் இருக்கும் அண்ணா, அம்மா வீட்டு வளவை எழுதுவதற்கு முன் நோய் என்று ஒரு பெயரும் வைக்கக் கூடாது என்கிறார்.

கடைசியில் கணவரைப் பற்றிச் சில வரிகள்: "அவருக்கு 57. ஆம்பிளையளுக்கு இந்த வருத்தம் குறைவுதானே, அவரைப் பற்றிக் கவலை இல்லை. பிரஷர் குளிசையை மட்டும் விட்டுட்டார். மார்கழியில ஒருநாள் வலது கை விறைச்சு, கதை குழறி, அரை மணித்தியாலத்தில சரியாப் போச்சு. மறுகா கொஞ்சம் கோபம் கூட."

சகோதரி,

அம்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கணவரை ஒரு பந்தியில் முடித்துவிட்டீர்கள். நான் அந்தப் பந்தியில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் விடயம் இரண்டு வாரம் முன்பின்னாகலாம். இது ஆகாது.

கணவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்

ஒரு பக்கக் கை விறைத்து, பேச்சுக் குழறி, சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடுவதைத் தற்காலிகப் பாரிசவாதம் என்போம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயைச் சிறிய இரத்தக்கட்டி ஒன்று அடைத்து, பிறகு விலகியிருக்கிறது. "சரியாப் போச்சு" என்பதுதான் இதில் ஆளை ஏமாற்றுவது. பெரிய பாரிசவாதம் பின்னால் வரும் ஆபத்து முதல் சில நாட்களில் மிக அதிகம். மாதங்கள் கடந்துவிட்டாலும், காரணத்தைப் பார்த்துச் சரிசெய்யாதவரை ஆபத்து இருந்துகொண்டேதான் இருக்கும். அவரோ பிரஷர் குளிசையையும் நிறுத்தியிருக்கிறார்.

பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஈ.சி.ஜி., தேவையானால் கழுத்து இரத்தக்குழாய்களின் ஸ்கேன், இவ்வளவும் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் குளிசையும் கொலஸ்ட்ரோல் குளிசையும் பெரும்பாலும் தொடங்குவார்கள். அதை டொக்டர் தீர்மானிக்கட்டும், நீங்களாக அஸ்பிரின் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இன்னொரு தரம் வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணித்தியாலம்தான் அவகாசம். அதிலும் பாதி, எங்கள் வீடுகளில், எண்ணெய் தேய்ப்பதிலும் பக்கத்து வீட்டாரிடம் அபிப்பிராயம் கேட்பதிலும் போய்விடுகிறது.

"ஆம்பிளையளுக்குக் குறைவுதானே" என்பது அரை உண்மை. மறதிநோய்களில் (டிமென்ஷியா) பெரும்பங்கு அல்சைமர் நோய், அதில் பெண்கள்தான் அதிகம். பல நாடுகளில் மூன்றில் இரண்டு பேர் பெண்கள். ஆனால் மறதிநோய் ஒரே ஒரு நோயல்ல. நடுத்தர வயதில் பாரிசவாதம் ஆண்களுக்கே கூடுதலாக வருகிறது, அதன் வழியாக வரும் இரத்தநாள மறதிநோயும் அந்த வயதில் அவர்களை முந்திப் பிடிக்கிறது. பார்கின்சன் நோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. புகை, குடி, மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபடுவது எல்லாம் யாருக்கு அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. இரத்தநாளப் பாதிப்பு மறதியாகத் தொடங்க வேண்டும் என்றில்லை. கணக்கு வழக்குப் பார்ப்பதில் மந்தம், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்க முடியாமை, சட்டென்று எரிந்து விழுவது என்று தொடங்கலாம். வீட்டில் அதை "குணம் மாறிட்டுது" என்பார்கள். உங்கள் கணவரின் கோபம் அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். குடியோ மனச்சோர்வோ நித்திரைக் குறைவோ காரணமாக இருக்கலாம். ஆனால் கை விறைத்த நாளுக்குப் பிறகு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு வரமாட்டார் என்றால் உங்கள் சோதனைக்கும் சேர்த்து ஒரே நாளில் போங்கள். மனைவிக்குத் துணையாக வரும் ஆண்கள் தங்கள் கையை நீட்டிப் பிரஷர் பார்க்கச் சம்மதித்துவிடுவார்கள். தங்களுக்காக மட்டும் வருவதென்றால்தான் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

"நல்லாத்தானே கதைக்கிறா"

இனி அம்மா. அம்மாவைப் பார்த்த டொக்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிளினிக்கில் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பெண்களின் நோய் தப்பிப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொற்களை நினைவில் வைப்பதில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கெட்டிக்காரர்கள், வயது போனாலும் அந்த அனுகூலம் தொடர்கிறது. மறதியைப் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் சொற்பட்டியலைச் சொல்லித் திருப்பிக் கேட்பவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே புள்ளியை எல்லையாக வைத்தால், மூளையில் நோய் ஆரம்பித்துவிட்ட பெண்ணும் தேறிவிடுவார். பிறகு அது வெளியே தெரியத் தொடங்கும்போது இறக்கம் வேகமாக இருக்கும். உன்னிச்சைக் குளம் நிறைந்து கிடக்கும் வருடத்தில் அணையில் கசிவு இருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அம்மாவின் பேச்சு அப்படி. சடங்குப் பாட்டு பிசகாமல் வருவதும் நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சியல்ல. சிறு வயதில் பாடிப் பாடிப் பதிந்தவை கடைசியாகத்தான் போகும். இன்று காலை சாப்பிட்டது முதலில் போகும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற அம்மாவுக்கு இதன் மறுபக்கமும் பொருந்தும். கடிகாரம் வரையச் சொன்னால், நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், பென்சில் பிடித்துப் பழகாதவர் நோயில்லாமலே தோற்றுப்போவார். ஒரு சோதனை நோயை மறைக்கும், இன்னொன்று இல்லாத நோயைக் காட்டும். ஆகவே புள்ளிகளைவிட நீங்கள் சொல்லும் கதைக்குத்தான் பெறுமதி அதிகம். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, கடையில் மிச்சக் காசு எண்ணுகிறாரா, குளிசையைத் தானே எடுக்கிறாரா, எங்கே வழி தவறினார். ஒழுங்கையில் நின்ற சம்பவம் வயதுக்கு வரும் மறதி அல்ல. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவது வயது. பழகிய பாதை பிடிபடாமல் போவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு அல்சைமர் ஏன் கூடுதல் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய காரணம் மிக எளியது: பெண்கள் கூடக் காலம் வாழ்கிறார்கள். இலங்கையில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிட ஆறேழு வருடம் நீளம், இந்த நோய்க்கோ வயதுதான் முதல் காரணம். மிச்சத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்திரஜன் என்ற பெண் ஹோர்மோன் இறங்குவது ஒரு புறம். அம்மாவின் தலைமுறைப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காதது இன்னொரு புறம். படிப்பும் மூளைக்கு வேலை தரும் தொழிலும் நோயைத் தாங்கும் சக்தியைக் கூட்டுகின்றன. அண்ணனை அனுப்பிவிட்டுத் தங்கையை வீட்டில் நிறுத்திய காலத்தின் கணக்கு இப்போது வருகிறது. சீனி வருத்தமும் இதில் பாரபட்சம் காட்டுகிறது. அது இருக்கும் பெண்ணுக்கு இரத்தநாள மறதிநோய் வரும் வாய்ப்பு, அது இருக்கும் ஆணைவிடச் சற்று அதிகம். மனச்சோர்வும் பெண்களில் கூட. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கடந்துவந்த எங்கள் அம்மாமாருக்கு யாரும் அதற்கு வைத்தியம் பார்க்கவுமில்லை.

அம்மாவுக்கு முதலில் பார்க்க வேண்டியவை

டிமென்ஷியா என்று முடிவு கட்டுவதற்கு முன், சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். தைரோயிட், இரத்தச்சோகை, விற்றமின் பி12, உப்புச் சமநிலை ஆகியவற்றை இரத்தத்தில் பார்ப்பார்கள். மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். சீனிக் குளிசையை எடுத்ததை மறந்து இரண்டாம் தரம் எடுத்தாலோ, எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ சீனி இறங்கி ஆள் தடுமாறுவார். அதையும் மறதி என்றே வீட்டில் நினைப்பார்கள்.

குளிசைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். தடிமனுக்கும் கடிக்கும் பாமசியில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, கால் எரிவுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நித்திரைக் குளிசை மூன்றும் வயதானவர்களின் ஞாபகத்தைக் கலங்கடிக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். மனச்சோர்வு சில சமயம் மறதியின் வேடத்தில் வரும். அப்புறம் காதும் கண்ணும். மறதிநோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தை 14 காரணிகளைச் சரிசெய்து தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் கணக்குச் சொன்னது. காது கேளாமையும் பார்வைக் குறைவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அம்மாவுக்குக் கற்றாக்கு (கண்புரை) இருந்தால் வெட்ட வேண்டும். "இந்த வயசில எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருநாள் இரண்டு நாளுக்குள் திடீரென்று அம்மா பிதற்றத் தொடங்கினால், ஆளைத் தெரியாமல் போனால், அது இந்த நோய் முற்றியதல்ல. சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, உடலில் நீர் வற்றுதல், உப்புக் குறைவு போன்றவையாக இருக்கலாம். வயதான பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணம், காய்ச்சல் இல்லாமலும் வரும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எங்கே போவது? உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். களவு போனது என்ற சந்தேகம், இரவில் எழும்பி நடப்பது, இதையெல்லாம் சமாளிக்க அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சி.டி. ஸ்கேன் "நோர்மல்" என்று வந்தாலும் அல்சைமர் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேன் எடுப்பது கட்டி, இரத்தக்கசிவு, பழைய பாரிசவாதம் இருக்கிறதா என்று பார்க்க.

வீட்டில் இப்போதே செய்ய வேண்டியது கிணறு. கட்டில்லாத கிணறு என்றால் மூடி போடுங்கள். வாவிக்கரைப் படலைக்கு உயரத்தில் கொக்கி வையுங்கள். சங்கிலி விடயத்தில் வாதாடாதீர்கள். "நீங்கதான் ஒளிச்ச" என்று நிரூபித்து வெல்ல முடியாது. சேர்ந்து தேடுங்கள், அரிசிப் பானையை முதலில் பாருங்கள். மருமகளிடம் இது நோய் செய்யும் வேலை என்று தனியாகச் சொல்லுங்கள். பாவம் அந்தப் பிள்ளை, ஊர் வாய்க்கு அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

குடி தாய்வழி, நோய் அப்படியல்ல

குடி தாய்வழி, வீடும் மகளுக்கு. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வருத்தமும் அந்த வழியில் வருவதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அல்சைமருடன் தொடர்புள்ள மரபணுக்களில் பிரதானமான அபோ-ஈ, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்றுதான் வரும். மகனுக்கும் மகளுக்கும் சம வாய்ப்பு. தாய்க்கு ஞாபகக் குறைபாடு இருந்தவர்களின் மூளையில் அமிலோயிட் என்ற, அல்சைமரோடு தொடர்புள்ள புரதத்தின் படிவு சற்றுக் கூடுதலாகக் கண்டதாக 2024இல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். அதில் மகன்மாரும் அடக்கம். உங்கள் அண்ணாவுக்கும் கனடாத் தம்பிக்கும் உங்களுக்கு இருக்கும் அதே தாய்தான். அம்மம்மாவுக்கு வந்தது அல்சைமர்தானா என்பதும் இப்போது தெரிய வழியில்லை. அந்தக் காலத்தில் பிரஷருக்கு யார் குளிசை எடுத்தார்கள்?

தங்கை சொல்லும் சோதனை, அந்த மரபணுவின் ஆபத்தைக் கூட்டும் வகையான அபோ-ஈ4 இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பிரதி இருந்தால் ஆபத்து கூடும், இரண்டு இருந்தால் இன்னும் கூடும். 65க்கும் 75க்கும் இடைப்பட்ட வயதில் ஒரு பிரதி உள்ள பெண்ணுக்கு ஆணைவிட ஆபத்து அதிகம் என்று 2017இல் பல்லாயிரம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். ஆனால் அது இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, இல்லாதவர்களுக்கு வராமலும் இல்லை. முடிவு எப்படி வந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போவது மாறாது: பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், நடை, நித்திரை. அந்தக் காசைச் சேமியுங்கள்.

இப்போது உங்கள் மறதி. பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, வந்த வேலை மறப்பது, கவனம் சிதறுவது, கூடவே வேர்வை, நித்திரையின்மை. 49 வயதில் இவையெல்லாம் ஒன்றாக வந்தால் நான் முதலில் நினைப்பது மாதவிடாய் நிறுத்தத்தைத்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலம் கடந்ததும் இது தெளிகிறது. அம்மாவோடு இரவில் எழும்புகிறீர்கள், பகலில் படிப்பிக்கிறீர்கள், பெயர் மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தைரோயிட்டும் இரத்தச்சோகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிப்பித்த பாடத்தையே மறுநாள் புதிதாகத் தொடங்கினால், சக ஆசிரியர்கள் கவனித்துச் சொன்னால், தெரிந்த பாதை தவறினால் திரும்ப வாருங்கள்.

ஆனால் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தபோது சூலகங்களையும் எடுத்தார்களா? "தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பெண்களில் எத்தனையோ பேருக்குத் தெரியாது. யாரும் சொல்வதில்லை, இவர்களும் கேட்பதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டு சூலகங்களையும் எடுத்து, ஈஸ்திரஜனும் கொடுக்காமல் விட்டால், பிற்காலத்தில் ஞாபகப் பிரச்சினையும் எலும்பு, இதயப் பாதிப்பும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வேர்வை போன வருடம்தான் தொடங்கியது என்கிறீர்கள். சூலகம் எடுத்திருந்தால் அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே தொடங்கியிருக்கும். ஆகவே எடுக்கவில்லை என்றே ஊகிக்கிறேன். ஊகம் போதாது. பழைய டயக்னோசிஸ் கார்டைத் தேடுங்கள், இல்லையென்றால் ஸ்கேனில் பார்க்கலாம்.

ஹோர்மோன் குளிசை பற்றி: வேர்வையும் நித்திரையின்மையும் தாங்க முடியாவிட்டால், 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம் போன்ற தடைகள் இல்லாதவர்கள் எடுக்கலாம். கர்ப்பப்பை இல்லாதபடியால் உங்களுக்குப் பொதுவாக ஈஸ்திரஜன் மட்டும் போதும். ஆனால் மறதிநோய் வராமல் தடுக்க என்று எடுக்கக் கூடாது. 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஈஸ்திரஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2003இல் முடிவைச் சொன்னபோது, மறதிநோய் குறைவதற்குப் பதில் இரண்டு மடங்காகியிருந்தது. ஆகவே தங்கை அனுப்பும் பெட்டியை உடைக்காமல் பெண்நோயியல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். அம்மாவுக்கும் ஒன்று போடுவோம் என்ற யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்குப் பிரஷர் கூடியிருந்ததா என்றும் எழுதவில்லை. கூடியிருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், பிற்கால இரத்தநாள நோய்களுக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

தம்பி சொன்ன ஊசி

லெக்கனெமாப் என்ற மருந்தாக இருக்க வேண்டும், அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்றது. ஆரம்பக் கட்ட அல்சைமருக்கு மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் நாளத்தில் ஏற்றுவது. நோயை நிறுத்தாது, இறக்கத்தை 18 மாதத்தில் சராசரியாக 27 சதவீதம் மெதுவாக்கியது. ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது ஆண்களில் 43, பெண்களில் 12 என்று வந்தது. அந்த வித்தியாசத்தைக் கண்டறிய வடிவமைத்த ஆய்வல்ல என்பதால் இதை உறுதியான முடிவாக எடுக்க முடியாது, ஆனாலும் யோசிக்க வைக்கும் எண். மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருட நோயும் சீனி வருத்தமும் உள்ள 76 வயது அம்மாவுக்கு நான் இதைத் தேட மாட்டேன். இங்கே கிடைக்கும் டொனபெசில், மெமன்டின் குளிசைகள் சிலருக்குச் சிறிது உதவும். பார்த்த டொக்டர் எழுதினால் எடுக்கலாம், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். தம்பியிடம் அந்த ஊசிக் காசில் ஒரு சிறு பங்கை மாதாமாதம் கேளுங்கள். பகலில் அம்மாவோடு இருக்க ஒரு ஆளை வைக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டை மகளுக்குக் கொடுக்கும் எங்கள் வழக்கத்தில் அம்மாவும் வீட்டோடு சேர்ந்து மகளிடம் வந்துவிடுகிறார். மறதிநோயாளரைப் பராமரிக்கும் மணித்தியாலங்களில் 70 சதவீதம் பெண்களுடையது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்கள் பக்கத்தில் அதைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை. வாரத்தில் இரண்டு இரவு அண்ணா வீட்டில் அம்மா இருக்கலாம். அது முடியாது என்றால் அண்ணா உங்கள் வீட்டுக்கு வந்து படுக்கலாம். உங்களால் தாங்க முடியாமல் போகும் இரவில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

உறுதி எழுதும் விடயம்

அண்ணாவின் யோசனை எதிர்மாறானது. நோயை மறைத்து எழுதிய உறுதியை, அதாவது சொத்துப் பத்திரத்தைத்தான், பிறகு நீதிமன்றத்தில் இழுப்பார்கள். டிமென்ஷியா என்று பெயர் வந்ததாலேயே கையெழுத்திடும் தகுதி போய்விடுவதில்லை. எழுதும் அன்று அம்மாவுக்கு எந்த வளவு, யாருக்குப் போகிறது, மற்றப் பிள்ளைகள் யார், எழுதிக் கொடுத்தால் திரும்ப வராது என்பதெல்லாம் விளங்கினால் அவர் எழுதலாம். இப்போது சிலவேளை விளங்கும், அடுத்த வருடம் விளங்காது. ஆகவே தள்ளிப்போடாமல் நிபுணர் ஒருவரிடம் அம்மாவின் மனத்தகுதியை மதிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கிட்டிய நாளில், காலை வேளையில், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருக்க, அம்மா களைப்பில்லாமல் இருக்கும்போது கையெழுத்து வைக்கட்டும். சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை வளவை அனுபவிக்கும் உரிமையை) அம்மா தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். விளங்காத நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டார் என்று மதிப்பீடு சொன்னால் விரலைப் பிடித்துக் கையெழுத்து வாங்காதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வழியிருக்கிறது.

அம்மாவின் கிளினிக் கொப்பி, வீட்டில் கிடக்கும் எல்லாக் குளிசைகளும், பாமசியில் வாங்கியவையும் எண்ணெய் போத்தலும் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். சம்பவங்கள் எழுதிய கொப்பியும் வேண்டும். அண்ணாவையும் அன்று கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.